காலைல போட்ட மாத்திரை ஏன் 11 மணி வரைக்கும் வேலை செய்யல?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 66 வயசு. திண்டுக்கல் – பழனி ரூட்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். பார்க்கின்சன்னு கண்டுபிடிச்சு 5 வருஷம் ஆகுது. சின்டோபா மாத்திரை காலை 8, மதியம் 1, ராத்திரி 8னு மூணு வேளை குடுக்கிறேன். உடம்புல சத்து வேணும்னு காலைல பால், ரெண்டு முட்டை, இட்லி சாம்பார் குடுத்து கையோட மாத்திரையும் குடுத்துடுவேன். ஆனா 11 மணி வரைக்கும் எழுந்து நடக்கவே முடியல. வாசப்படி கிட்ட வந்தா கால் தரையோட ஒட்டிக்குது, போன மாசம் விழுந்துட்டார். பேசுறது காதுல விழ மாட்டேங்குது. ராத்திரி தூக்கத்துல கத்துறார், எட்டி உதைக்கிறார். கேஸ் தொந்தரவுக்கு பக்கத்து கிளினிக்ல எழுதிக் குடுத்த மாத்திரை நாலு மாசமா ஓடுது. சட்டை போட்டு விடுறது, ஊட்டி விடுறதுன்னு எல்லாமே நான்தான், ஆனாலும் இந்த நாலஞ்சு மாசமா ரொம்ப மோசமாகிட்டே போறார். சொந்தக்காரர் ஒருத்தர் பூனைக்காலி பொடி குடுக்கச் சொல்றார். என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம்மா. நான் நியூரோ ஃபிசியோதெரபிஸ்ட், பார்க்கின்சன் உள்ளவங்களுக்கு வீட்டுக்கே போய் பயிற்சி குடுக்கிறதுதான் என் வேலை. மாத்திரையோட அளவ கூட்டுறது குறைக்கிறது உங்க நியூரோ டாக்டர் மட்டும் செய்ய வேண்டியது, அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா நீங்க எழுதினத படிக்கும்போது மாத்திரை பத்தலைன்னு எனக்குத் தோணல, போட்ட மாத்திரை உள்ள போய்ச் சேரலைன்னுதான் தோணுது, அத சரி பண்ண உங்க கையிலயே நிறைய இருக்கு, அதனால அதையே முதல்ல விலாவாரியா சொல்லிடறேன்.

மூளையில டோபமின்னு ஒரு பொருள சுரக்கிற செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா அழியறதுதான் இந்த நோய். சின்டோபாவுல இருக்கிற லெவோடோபா மூளைக்குள்ள போய் டோபமினா மாறும். அது ரத்தத்துல ஏற வேண்டிய இடம் சிறுகுடல், அங்கதான் சிக்கல். முட்டை, பால், பருப்பு இதுல இருக்கிற புரோட்டீன் செரிச்சு வர்ற அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் உள்ள போறதுக்கு ஒரே வழியத்தான் பயன்படுத்துது. உங்க வீட்டுக்காரருக்கு சொன்னா சட்டுனு புரியும்: முகூர்த்த நாள்ல பழனி பஸ்ல ஒரே படிக்கட்டுல எல்லாரும் ஏறப் பார்த்தா, வயசானவர் ஒருத்தர் கடைசி வரைக்கும் கீழயே நிப்பார் இல்லையா, அந்த வயசானவர்தான் லெவோடோபா. குடல்ல ஒரு தடவ, ரத்தத்துல இருந்து மூளைக்குப் போறப்ப இன்னொரு தடவன்னு ரெண்டு இடத்துல இந்த நெரிசல் நடக்குது. நீங்க பாசமா குடுத்த பாலும் முட்டையும் முதல்ல ஏறிடுது, மாத்திரை வெளியவே நின்னுடுது, 11 மணிக்கு மேல கூட்டம் குறைஞ்சப்புறம்தான் கொஞ்சம் உள்ள போகுது.

அதனால காலை மாத்திரைய டிஃபனோட குடுக்காதீங்க. அவர் கண் முழிச்சதும் படுக்கையிலேயே எழுப்பி உக்கார வெச்சு, ஒரு முழு டம்ளர் தண்ணியோட குடுங்க, பால்லயோ காபியிலயோ வேண்டாம். அரை மணி, முக்கால் மணி நேரம் கழிச்சு டிஃபன். மத்த வேளைக்கும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, இல்லன்னா சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆனப்புறம். வெறும் வயித்துல போட்டா குமட்டுதுன்னா ரெண்டு ரஸ்க், இல்ல ஒரு வாழைப்பழம் கூட குடுக்கலாம், அதுல புரோட்டீன் ரொம்ப கம்மி. இதப் படிச்சுட்டு முட்டையையும் பருப்பையும் அடியோட நிறுத்திடாதீங்கம்மா, பார்க்கின்சன்ல உடம்பு எடை குறையறது சகஜம், புரோட்டீன் அவருக்கு கண்டிப்பா வேணும், அத ராத்திரி சாப்பாட்டு பக்கம் தள்ளுங்க அவ்வளவுதான். காலைல இட்லிக்கு சாம்பார கொஞ்சமா ஊத்தி தக்காளி சட்னி, முட்டையும் பாலும் சாயங்காலத்துக்கு மேல. அப்ப ராத்திரி 8 மணி மாத்திரையும் சாப்பாட்டோட சேராம பார்த்துக்கணும், அத மறந்துடாதீங்க. ரத்த சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது ஓடுதுன்னா அதுக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க, இரும்பு லெவோடோபாவ புடிச்சு வெச்சுக்கும்.

அடுத்து நான் உண்மையிலேயே பயப்படற விஷயம், அந்த கேஸ் மாத்திரை. இப்பவே அட்டைய எடுத்து பின்னாடி திருப்பி சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க, கண்ணு தெரியலன்னா மெடிக்கல்ல குடுத்து படிக்கச் சொல்லுங்க. அமிலத்த குறைக்கிற பேண்டோபிரசோல், ராபிபிரசோல் மட்டும் இருந்தா அவர் மோசமாகுறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பு இல்ல. கூடவே லெவோசல்பிரைட்னு ஒரு பேர் இருந்தா, அது மூளையில டோபமின் வேலை செய்யுற இடத்தையே அடைக்கிற மருந்து, நோய் இல்லாதவங்களுக்கே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கொண்டு வரக் கூடியது, பார்க்கின்சன் உள்ளவருக்கு சொல்லவே வேண்டாம். நாலு மாசமா அந்த மாத்திரை ஓடுது, நாலஞ்சு மாசமா மோசமாகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது ரெண்டும் எனக்கு தற்செயலா தெரியல. பேர் இருந்துச்சுன்னா இன்னிக்கே நியூரோ டாக்டருக்கு போன் பண்ணி கேளுங்க, அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இதே மாதிரி வாந்திக்கு குடுக்கிற மெட்டோகுளோபிரமைட், வாந்திக்கும் தலைசுத்தலுக்கும் குடுக்கிற புரோகுளோர்பெரசின், தலைசுத்தலுக்கு குடுக்கிற சின்னரிசின், இதெல்லாமும் அவருக்கு ஆகாது. ஒரு அட்டையில "இவருக்கு பார்க்கின்சன் நோய் இருக்கு, இந்த மருந்துகள் கூடாது"ன்னு டாக்டர் கிட்ட எழுதி வாங்கி அவர் சட்டைப் பையிலயே வெச்சுடுங்க, ஏதாவது கிளினிக்ல ஊசி போடறதுக்கு முன்னாடி அத நீட்டணும்.

கேஸ், வயிறு உப்புசம்னு சொல்றதே பல பேருக்கு மலச்சிக்கல்தான். இந்த நோய் குடலையும் மெதுவாக்கும், நடுக்கம் வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே மலச்சிக்கல் ஆரம்பிச்சிருக்கலாம், கேட்டுப் பாருங்க. வயிறு மெதுவா காலியானா மாத்திரையும் குடலுக்கு லேட்டாத்தான் போய்ச் சேரும், அதனால இத சின்ன விஷயமா விடக்கூடாது. தண்ணி நிறைய (ஹார்ட், கிட்னிக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தா அந்த அளவோட), கீரை, வாழைத்தண்டு, கொய்யா, பப்பாளி, தினமும் ஒரே நேரத்துல பாத்ரூம் போற பழக்கம், அப்படியும் சரியாகலன்னா டாக்டர் எழுதித் தர்ற மருந்து.

பூனைக்காலி பொடி பத்தி கேட்டிருக்கீங்க. உங்க சொந்தக்காரர் சொன்னதுல விஷயம் இல்லாம இல்ல, பூனைக்காலி விதையில இயற்கையாவே லெவோடோபா இருக்கு. அதனாலதான் வேண்டாம்னு சொல்றேன். ஏற்கனவே அதே மருந்த அளந்து குடுத்துட்டு இருக்கீங்க, பொடியில எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மாறும், சேர்த்து குடுத்தா வாந்தி, பிரஷர் இறங்கி மயக்கம், கை கால் தானா வளைஞ்சு ஆடுறது, இல்லாதது கண்ணுக்கு தெரியறதுன்னு வரலாம். அத விட மோசம் பொடிய நம்பி சின்டோபாவ நிறுத்துறது. திடீர்னு நிறுத்தினா கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஊருக்குப் போனாலும், வேற எதுக்காவது ஆஸ்பத்திரியில சேர்த்தாலும் மாத்திரை நேரத்துக்கு போகணும், வார்டு நர்ஸ் கிட்ட இத முதல் வார்த்தையா சொல்லுங்க.

இப்ப வாசப்படிக்கு வர்றேன், இது என் ஏரியா. கால் ஒட்டிக்கிறத நாங்க ஃப்ரீசிங்னு சொல்லுவோம். வாசல், குறுகலான இடம், திரும்புறப்ப, அவசரப்படுறப்ப, பக்கத்துல யாராவது பேச்சு குடுக்கிறப்ப எல்லாம் இது வரும். அந்த நேரத்துல கையப் புடிச்சு இழுக்கவே இழுக்காதீங்க, மேல் உடம்பு முன்னாடி வரும், கால் வராது, அப்படித்தான் விழுறாங்க. "நடங்க நடங்க"ன்னு சொல்லியும் பிரயோஜனம் இல்ல. தானா நடக்கிற வழி மூளையில அடைபட்டு இருக்கு, யோசிச்சு நடக்கிற வழி பெரும்பாலும் திறந்துதான் இருக்கு, அத பயன்படுத்தணும். முதல்ல முழுசா நிக்கணும். நிமிரணும். உடம்பு எடைய ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு ரெண்டு தடவ சாய்க்கணும். அப்புறம் ஒரே ஒரு பெரிய எட்டு, குதிகால் முதல்ல தரையில படணும்.

இதுக்கு உங்க வீட்டுக்காரர் கிட்ட ஏற்கனவே ஒரு ஆயுதம் இருக்கு. வாழ்நாள் பூரா வண்டிய கிளப்பினது அவர் குரல்தானே. "போலாம்… ரைட்!"னு அவரே சத்தமா சொல்லி, அந்த "ரைட்"ல கால எடுத்து வைக்கட்டும். நான் சும்மா உற்சாகத்துக்காக சொல்லலம்மா, தாளம், எண்ணிக்கை, சத்தமா ஒரு சொல், இதெல்லாம் ஃப்ரீசிங்குக்கு பயிற்சியில நாங்க குடுக்கிற முறைதான், பழகின சொல்லா இருந்தா சீக்கிரம் கைகூடுது. கூடவே வாசப்படிக்கு ரெண்டு பக்கமும் தரையில, தரையோட நிறத்துக்கு எடுப்பா தெரியற கலர் டேப்ப குறுக்கால ஒட்டுங்க, அவர் நார்மலா வைக்கிற ஒரு எட்டு தூரத்துக்கு ஒரு கோடு. கோட்ட தாண்டுன்னு கண்ணு சொன்னா கால் கேக்கும், பல பேருக்கு இது பார்க்க அதிசயமா இருக்கும். திரும்பும்போது நின்ன இடத்துலயே சுத்தாம, பஸ் திரும்புற மாதிரி அகலமா ஒரு வட்டம் போட்டு திரும்பணும். நடக்கிறப்ப கையில டம்ளர் வேண்டாம், போன் வேண்டாம், பேச்சும் வேண்டாம், ஒரு நேரத்துல ஒரு வேலை. ஹவாய் செருப்பு தூக்கிப் போடுங்க, பின்னாடி ஸ்ட்ராப் வெச்சதா வாங்குங்க. தரையில தழையுற லுங்கியும் வழுக்குற கால்மிதியும் இந்த வீட்டுக்கு ஆகாது. பாத்ரூம்ல சுவத்துல ஸ்க்ரூ போட்டு இறுக்கின கைப்புடி கம்பி, உக்காந்து குளிக்க ஆடாத ஸ்டூல். பிளாஸ்டிக் சேர் லேசா இருக்கிறதால ஊன்றி எழும்போது புரண்டுடும், கைப்புடி வெச்ச கனமான மர நாற்காலி இருக்கட்டும். எழும்போது இடுப்ப சேர் நுனிக்கு நகர்த்தி, கால பின்னாடி இழுத்து, மூக்கு முட்டிக்கு முன்னாடி வர்ற அளவு குனிஞ்சு எழணும்.

விழுந்தது ஃப்ரீசிங்னாலயா, எழுந்ததும் பிரஷர் இறங்கினதாலயான்னும் பார்க்கணும். படுத்திருக்கும்போது ஒரு தடவ, எழுந்து நின்ன ரெண்டு மூணு நிமிஷத்துல ஒரு தடவ பிபி பார்க்கச் சொல்லி கேளுங்க, பழைய பிபி மாத்திரை இன்னமும் அதே அளவுல ஓடுதுன்னா அதையும் காட்டுங்க. அதுவரைக்கும் படுக்கைய விட்டு எழுந்ததும் கட்டில் நுனியில ஒரு நிமிஷம் உக்காந்துட்டு நிக்கட்டும்.

அடுத்து, எல்லாத்தையும் நீங்களே செஞ்சு குடுக்கிறீங்கன்னு சொன்னீங்களே, அது எவ்வளவு அன்புலன்னு எனக்குப் புரியுது, ஆனா அம்மா, அத இந்த வாரத்துல இருந்து குறைங்க. பயன்படுத்தாத அசைவு இந்த நோய்ல வேகமா போயிடும், ஒரு தடவ விட்டா திரும்ப கொண்டு வர எனக்கே ரொம்ப சிரமம். மாத்திரை நல்லா புடிச்சிருக்கிற நேரம் எதுன்னு முதல்ல கண்டுபிடிங்க, பெரும்பாலும் போட்ட ஒரு மணி நேரத்துல இருந்து மூணு மணி நேரம் வரைக்கும். குளியல், சட்டை, ஷேவிங், நடை, கடைக்குப் போறது எல்லாத்தையும் அந்த நேரத்துக்குள்ள கொண்டு வாங்க, அப்ப அவரே செய்யட்டும். மாத்திரையோட வேகம் இறங்கின நேரத்துல அதே மனுஷனுக்கு அதே பட்டன் முடியாது, அது சோம்பேறித்தனம் இல்ல, வேணும்னு பண்றதும் இல்ல, அப்ப நீங்க தாராளமா உதவலாம். பட்டனுக்குப் பின்னாடி வெல்க்ரோ தைச்சு விடுங்க, வேட்டியும் வெல்க்ரோ வெச்சது கிடைக்குது. கனமான, ஓரம் உயர்ந்த தட்டு, கைப்புடியில துணி சுத்தி தடிமனாக்கின ஸ்பூன், பாதி மட்டும் நிரப்பின டம்ளர். அரை மணி நேரம் ஆகுமா, ஆகட்டும். சட்னி சட்டையில சிந்துமா, சிந்தட்டும்.

உடற்பயிற்சியும் அந்த நல்ல நேரத்துலதான். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷமாவது, கொஞ்சம் மூச்சு வாங்கி வேர்க்கிற அளவுக்கு. ஹார்ட் பிரச்சனை ஏதும் இல்லன்னு டாக்டர் கிட்ட கேட்டுட்டு, வீட்டுல ஓட்டற நின்ன இடத்து சைக்கிள் ஒண்ணு வாங்க முடிஞ்சா அவர் மாதிரி விழுந்த ஆளுக்கு அதுதான் பாதுகாப்பு. நடக்கிறப்ப எல்லாத்தையும் பெருசா செய்யணும், பெரிய எட்டு, பெரிய கை வீச்சு. அவருக்கு அது மிகைப்படுத்துற மாதிரி தோணும், வெளியில பார்க்கிற நமக்கு நார்மலாத்தான் இருக்கும், இத அவர்கிட்ட சொல்லிப் புரிய வைங்க.

குரலும் அப்படித்தான். அவர் மனசுக்கு அவர் நல்லா சத்தமாத்தான் பேசுறார், மூளை சத்தத்த தப்பா கணக்கு போடுது. தினமும் நல்ல நேரத்துல நிமிர்ந்து உக்காந்து, மூச்ச இழுத்து "ஆ"ன்னு முடிஞ்ச வரைக்கும் சத்தமா நீட்டச் சொல்லுங்க, தொண்டை வலிக்கிற அளவுக்கு வேண்டாம். அப்புறம் அவரோட ரூட்டையே சொல்லட்டும். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி. கடைசி சீட்டுல தூங்குறவனுக்கு கேக்குற மாதிரி. நீங்க அடுத்த ரூம்ல நின்னு கேக்குதா இல்லையான்னு சொல்லுங்க. தண்ணி குடிக்கும்போது இருமல் வந்தாலோ, சாப்பிட்டதும் குரல் கரகரன்னு ஆனாலோ உடனே டாக்டர் கிட்ட சொல்லணும், விழுங்குறது பாதிச்சா சாப்பாடு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். சாப்பிடறப்ப நேரா உக்காந்து, சின்னச் சின்ன வாயா, டிவி இல்லாம. முகத்துல சிரிப்பே இல்லன்னு நீங்க எழுதல, ஆனா இருக்கும்னு நினைக்கிறேன். முகத்து தசையும் இறுகுறதுதான் அது, உங்க மேல கோவம்னு எடுத்துக்காதீங்க. கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு கொஞ்சம் கூடுதலா காத்திருங்க. ஆனா எதுலயுமே ஆசை இல்லாம, அழுதுகிட்டு, பயந்துகிட்டு இருந்தா அது இந்த நோயோட சேர்ந்து வர்ற மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கு மருந்து இருக்கு.

ராத்திரி கத்துறதும் உதைக்கிறதும் கனவுல நடக்கிறத உடம்பு செஞ்சு காட்டுறது. தூக்கத்துல கை கால கட்டி வைக்கிற பூட்டு மூளையில கழண்டு போறதால வருது, இந்த நோய்ல ரொம்ப பேருக்கு உண்டு. பேய் பிசாசுன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க. உங்களுக்கு அடி படாம நீங்க தனிக் கட்டில்ல படுங்க, அதுல குத்த உணர்ச்சி வேண்டாம். அவர் கட்டில் பக்கத்துல கண்ணாடி டம்ளர், கூர்மையான மேசை எதுவும் இருக்கக் கூடாது, கீழ ஒரு மெத்தை போட்டு வைங்க. டாக்டர்கிட்ட சொன்னா இதுக்கும் மாத்திரை எழுதுவாங்க. புரண்டு படுக்க சிரமப்பட்டா பெட்ஷீட் மேல இடுப்பு படுற இடத்துல மட்டும் வழுவழுப்பான துணி ஒண்ண விரிங்க, கனமான கம்பளி வேண்டாம்.

இன்னொண்ணு, வெளிய சொல்ல கூச்சப்பட்டு பல குடும்பம் மறைக்கிறது. இதே நோய்க்கு குடுக்கிற பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாதிரி மாத்திரை சேர்த்தா சிலருக்கு ஆன்லைன் ரம்மி, கண்டபடி பொருள் வாங்குறது, அளவுக்கு மீறின காம எண்ணம்னு திடீர்னு வரும். அது மருந்தோட விளைவு, மனுஷனோட குணம் இல்ல. அப்படி எப்பவாவது தெரிஞ்சா சண்டை போடாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரைய மாத்துவாங்க.

பேங்க் விஷயமும் சொல்லிடறேன். எழுத்து சின்னதாகி கையெழுத்து மாறிப் போறது இந்த நோயோட அடையாளம். கையெழுத்து ஒத்துப் போகலன்னு திருப்பி அனுப்பினா பெருவிரல் ரேகை வெச்சு பணம் எடுக்க ரிசர்வ் பேங்க் விதியிலேயே வழி இருக்கு, ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரியா இருக்கணும். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பார்க்கின்சனும் சேர்ந்திருக்கு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ பாதிப்புன்னு மெடிக்கல் போர்டு சான்று குடுத்தா பல சலுகைக்கு வழி திறக்கும். உங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) பத்தி கேளுங்க.

எவ்வளவு நாள் இப்படின்னு நீங்க கேக்கல, ஆனா கேக்காம இருக்க மாட்டீங்க. இந்த நோய் குணமாகாது, மெதுவா கூடிட்டுத்தான் போகும். ஆனா இப்ப நீங்க பார்க்கிற மோசம் எல்லாமே நோய் கூடினதுதான்னு நான் நம்பல, மாத்திரை நேரத்தையும் கேஸ் மாத்திரையையும் சரி பண்ணினா அதுல கணிசமான பகுதி திரும்பக் கிடைக்கலாம். தினமும் ரெண்டு மணி நேரம் பையனோ பொண்ணோ சம்பளத்துக்கு ஒரு ஆளோ வந்து பார்த்துக்கட்டும், நீங்க தூங்குங்க, கோயிலுக்குப் போங்க. உங்க இடுப்பும் முட்டியும் போயிட்டா ரெண்டு பேருக்குமே ஆளில்ல.

இன்னிக்கே ஒரு நோட்டு போடுங்க. மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், நல்லா நடந்த நேரம், இறுகிப் போன நேரம், தானா ஆடின நேரம், இது மட்டும் ஒரு வாரம் எழுதுங்க. ஃப்ரீசிங் வரும்போது போன்ல ஒரு சின்ன வீடியோ எடுங்க, டாக்டர் ரூம்ல உக்காந்திருக்கும்போது அது பெரும்பாலும் வரவே வராது. மூணு வேளைய நாலா பிரிக்கலாமா, மருந்த மாத்தலாமான்னு டாக்டர் முடிவு பண்ண அந்த நோட்டுதான் வேணும். போறப்ப வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.